சாக்பீஸ் கோடு

"யோவ் பெரியவரே! உட்கார்ந்து எண்ணிட்டே இருந்தா வண்டி நகர்ந்துடுமா? எழுந்து வந்து நாலு பேரை ஒதுக்கி விடக் கூடாதா?"

வேன்காரர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

நடைபாதையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கண் ரோட்டுக்குக் குறுக்கே அவரே போட்ட சாக்பீஸ் கோட்டை விட்டு அகலவில்லை. ஒரு வண்டி அந்தக் கோட்டைத் தாண்டினால், கையிலிருக்கும் சின்னக் கருவியில் ஒரு தட்டு. டிக். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை.

பதினாலு மாடிக் கட்டடம் எழும்பியதிலிருந்து அந்தத் தெருவுக்கு மூச்சு முட்டல்தான். கட்டடத்து கேட்டிலிருந்து ஒரு கார் மூக்கை நீட்டினால் போதும், இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். நடந்து போகிறவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு கார்களுக்கு நடுவே நுழைந்து போனார்கள்.

அது போதாதென்று, பக்கத்திலேயே இன்னொரு பதினாலு மாடி வரப் போகிறது.

"எவ்வளவுண்ணே ஆச்சு?"

பக்கத்தில் தையல் மெஷின் போட்டு, அறுந்த பைகளுக்கு ஜிப் வைத்துத் தருகிறவள் கேட்டாள். அரை மணி நேரத்தில் ஆறாவது தடவை. அவளுக்குக் கவலை இல்லாமல் இருக்குமா? புதுக் கட்டடத்துக்கு வாசல், அவள் மெஷின் இருக்கிற இடத்தில்தான். ஒரு மணி நேரத்தில் எண்ணூறு வண்டிக்கு மேல் போனால், 'இதற்கு மேல் ரோடு தாங்காது' என்று கார்ப்பரேஷனில் அனுமதி மறுத்துவிடுவார்கள். குறைந்தால் அவள் மெஷினைத் தூக்க வேண்டியதுதான்.

"நூத்தி எழுபத்தொண்ணு."

"என்னண்ணே இது? தெரு முழுக்க வண்டியா நிக்குதே!"

"நிக்கிறதை எண்ணக் கூடாதும்மா. கோட்டைத் தாண்டினாத்தான் கணக்கு."

"நகர்ந்தாத்தானே தாண்டும்?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "வண்டிக்கு நாலு தட்டா தட்டிடுங்களேன். யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேனே."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருக்கு ஒரு யோக்கியன் இருக்கான்னு சந்தோஷப்படலாம்னா, அந்த ஆளு என் வயித்துல அடிக்கத்தானா இங்க வந்து உட்காரணும்?"

திட்டிக்கொண்டே, வெயில் அவர் பக்கம் திரும்பியதைப் பார்த்துத் தன் பெரிய குடையை அந்தப் பக்கம் சாய்த்து வைத்தாள். பெரியவருக்கு அது இன்னும் சங்கடமாக இருந்தது. கோட்டையே பார்த்தார்.

டிக். நீண்ட நேரம் கழித்து, இன்னொரு டிக்.

ஐந்து மணி. நாலு மணிக்கு ஆரம்பித்த எண்ணிக்கையை முடித்துப் படிவத்தில் எழுதினார்: இருநூற்றுப் பன்னிரண்டு.

கட்டட கம்பெனி எஞ்சினியர் நடந்து வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கருமம், என்ன தெருய்யா இது! நாலே காலுக்கே தெருவுக்குள்ள திரும்பிட்டேன். கார் இன்னும் தெருமுனை மருந்துக்கடைகிட்டயே நிக்குது. டிரைவரை உள்ளே உட்கார வச்சுட்டு நடந்து வர்றேன். சரி, எவ்வளவு?"

"இருநூத்திப் பன்னெண்டு சார்."

எஞ்சினியர் முகம் சட்டென்று மலர்ந்தது. "முதல் கட்டடம் வர்றதுக்கு முன்னாடியும் நீங்கதானே எண்ணினீங்க? அப்ப எவ்வளவு?"

"அறுநூத்தி நாப்பத்தொண்ணு சார்."

"அடி சக்கை! நம்ம கட்டடம் வந்தப்புறம் போக்குவரத்து மூணுல ஒரு பங்காயிடுச்சு! ரோடு காலியா இருக்குன்னு எழுதிடலாம்."

பின்னால் பத்துப் பதினைந்து ஹாரன்கள் ஒன்றாக அலறின. தையல் மெஷின் நின்றுபோயிருந்தது. குடையை மடக்க எழுந்தாள்.

பெரியவர் படிவத்தை மறுபடி பார்த்தார். எண் சரிதான். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. ஆனாலும் இத்தனை வருஷத்தில் இவ்வளவு பெரிய பொய்யை அவர் எழுதினதே இல்லை.

"கையெழுத்தைப் போடுங்க, சீக்கிரம். இன்னைக்குத்தான் கடைசி நாள். ஆறு மணிக்குள்ள கார்ப்பரேஷன் ஆபீஸ்ல கொடுக்கலேன்னா அனுமதி கிடைக்காது, எல்லாம் பாழ்."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வரி. நூறு தெருவில் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். இன்றைக்கு விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

'குறித்த நேரத்தில் இந்தத் தெருவுக்குள் வந்த வண்டிகளில் ஒன்றுகூட விடுபடாமல் எண்ணியுள்ளேன்.'

மற்றத் தெருக்களில் அதில் ஒரு சிக்கலும் இல்லை. உள்ளே வந்த வண்டி ஒரே நிமிஷத்தில் கோட்டைத் தாண்டிவிடும்.

பேனாவுக்கு மூடியைப் போட்டார்.

"என்னாச்சு?"

"ஒண்ணு விட்டுப்போச்சு சார்."

"ஒரு வண்டிதானே? போனாப் போகுது, விடுங்க."

"ஒண்ணுகூட விடலைன்னு போட்டிருக்கே சார். பொய்க் கையெழுத்து நான் போடறதில்லை."

"எந்த வண்டிய்யா அது?"

எஞ்சினியர்களிடம் பெரியவர் எதிர்த்துப் பேசினதே கிடையாது. ஸ்டூலைக் கோட்டுக்கு நேராக இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தார். கருவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"உங்க கார்தான் சார். நாலே காலுக்கே உள்ளே வந்துடுச்சுன்னு நீங்களே சொன்னீங்க. அது இந்தக் கோட்டைத் தாண்டட்டும். எண்ணிட்டு உடனே கையெழுத்துப் போட்டுடறேன்."