பீரங்கி டீச்சரின் கடைசி வீச்சு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசை உதிர்ந்து போகட்டும். மூத்தோர் தடகளப் போட்டியின் வட்டு எறிதலில், சாய்ந்த வெயிலில், பள்ளி விளையாட்டு ஆசிரியை வட்டத்துக்குள் வட்டோடு நிற்கிறார். கல்லூரியில் எறிந்த எறியில் ஒட்டிக்கொண்ட ‘பீரங்கி’ என்ற பட்டப்பெயர் இன்னும் அவரை விடவில்லை. பதக்கத்துக்கு மிச்சம் இந்த ஒரு வீச்சுதான். ஓரத்தில் நடுவராக நிற்பவள் அவரிடமே எறியப் பழகியவள். செல்லுமென்றால் வெள்ளைக் கொடி, செல்லாதென்றால் சிவப்பு. “முழங்கால் தாங்குமா டீச்சர்?” “நீ கொடியப் பாருடி, என் காலை நான் பாத்துக்கறேன்.” அவர் சுழல்கிறார். அந்தக் காற்றில் பந்தல் நாற்காலிகள் தாமாகவே திரும்பி உட்காருகின்றன. வட்டு சூரியனை மறைக்க, பொழுது சாய்ந்ததென்று நம்பி மைதானத்து விளக்குகள் எரிகின்றன. பருந்து ஒன்று ஒதுங்கி வழிவிடுகிறது. அளக்கிற நாடா போதாதென்று இன்னொன்றை முடிந்துகொண்டு ஆட்கள் ஓடுகிறார்கள். டீச்சர் இரு கைகளையும் உயர்த்தி, சிரித்துக்கொண்டே, வட்டத்தின் முன்பக்கமாக வெளியே நடக்கிறார். நடுவரின் முகம் வெளிறுகிறது. “எறிஞ்சா பின்பக்கமா வெளிய வா, முன்னால வந்தா செல்லாது” என்று வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் தொண்டை கிழியக் கத்தியவர் இந்த டீச்சர்தான். “டீச்சர்... உங்க கால்.” டீச்சர் குனிந்து பார்க்கிறார். நடுவரின் கண் கலங்குகிறது, ஆனால் கொடி நடுங்காமல் மேலே போகிறது. டீச்சர் பந்தலைப் பார்த்து, பதக்கம் வாங்கியவரைப் போல நெஞ்சை நிமிர்த்துகிறார். “பாத்துக்குங்க, அது நான் பழக்கின கை.” உயர்ந்திருப்பது சிவப்புக் கொடி, ஆகவே விதிப்படி அப்படியொரு வீச்சு நடக்கவே இல்லை.