தாணுலிங்கம் அண்ணாச்சி தட்டிய கை

திரையில் வண்டிகள் எரிந்தபோது பட்டாள முகாமின் சினிமாக் கூடாரத்தில் ஒரே ஒருவர்தான் கை தட்டினார்.

தாணுலிங்கம் அண்ணாச்சி.

துறைமுகத்துப் பட்டாளத்துக்கு அரிசி சப்ளை செய்கிறவர். பெரிய ராஜவிசுவாசி. லண்டனில் மன்னர் தும்மினால் தூத்துக்குடியில் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

அவர் படம் பார்க்க வந்தவரும் அல்ல. பர்மா எல்லைக்குக் கப்பலேற்றும் முன், மறுநாள் காலை அவருடைய மூட்டைகளைப் பிரித்துப் பார்க்கப் போகிறார்களாம். பிரித்தால் குடி முழுகிவிடும். முகாம் துரையின் காலைப் பிடித்தாவது தடுக்கலாமென்று ஓடி வந்தவரை, துரை சினிமாவில் இருக்கிறார் என்று பின்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

பக்கத்தில் முகாம் குமாஸ்தா கிருபாநிதி கதை சொல்லிக்கொண்டிருந்தார். அமெரிக்க எல்லையில் சியூ என்கிற பூர்வகுடிகளை அடக்க வெள்ளைக்காரப் பட்டாளம் போகிறது. சியூக்கள் செய்த குற்றம், தங்கள் ஊரில் தாங்களே இருந்தது. பட்டாளம் கோட்டைக்குப் போய்விட்டது. சாப்பாட்டு வண்டிகள் பின்னால் வருகின்றன.

"கோட்டைக்குப் போனதும் மூட்டைய அவுத்துப் பாப்பானுவ அண்ணாச்சி. மாவுல கலப்படம்னா சப்ளை பண்ணுனவன் தொலைஞ்சான்."

முகம் தெரியாத அந்த அமெரிக்க வியாபாரியின் மேல் அண்ணாச்சிக்குக் கூடப்பிறந்த பாசமே வந்துவிட்டது.

அப்போதுதான் சியூக்கள் குன்றிலிருந்து குதிரைகளில் இறங்கி வண்டிகளுக்குத் தீ வைத்தார்கள். ஒரு மூட்டைகூட மிஞ்சவில்லை. பிரித்துப் பார்க்க இனி என்ன இருக்கிறது? தப்பித்தான் மகராசன்.

அண்ணாச்சி தன்னை மறந்து தட்டினார்.

முன்வரிசைத் தொப்பிகள் எல்லாம் திரும்பின. 'வெள்ளையனே வெளியேறு' என்று ஊரெங்கும் தந்திக் கம்பிகளை அறுத்துக்கொண்டிருந்த மாதம் அது. பட்டாளத்துச் சரக்கு எரிவதைப் பார்த்து ஏன் கை தட்டினாய் என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் அது இதைவிட மோசம். அண்ணாச்சி தட்டிய கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

விடிவதற்குள் தூத்துக்குடிக்கு ஒரு தேசபக்தர் கிடைத்துவிட்டார். போலீஸ் வண்டியில் ஏற்றும்போது யாரோ மாலைகூடப் போட்டார்கள். மூட்டைகளைப் பிரித்த பிறகோ ஊருக்குப் பெருமை தாளவில்லை. பட்டாளத்தைப் பட்டினி போட அண்ணாச்சி தீட்டிய சதியாம்.

சிறையில் பழைய தியாகிகளே எழுந்து இடம் விட்டார்கள்.

சில நாளில் தட்டில் புது அரிசிச் சோறு விழுந்தது. பட்டாளத்துக்கு ஆகாதென்று கழித்ததாம். கைதிகளுக்குப் போதுமாம்.

முதல் வாயிலேயே நறுக்கென்றது. அண்ணாச்சி கையில் துப்பிப் பார்த்தார்.

முத்துக் குளித்தவர்கள் கரையில் கொட்டிவிட்டுப் போன சிப்பி. அரிசிப் பருமனுக்கு நுணுக்கியது. அவர் வீட்டு உரலில், அவர் கண் முன்னால் இடித்தது.

பல்வலியில் கண்ணில் நீர் முட்டியது.

"நாட்ட நெனச்சு அழாதீங்க அண்ணாச்சி. மொதல்ல வயிறாரச் சாப்பிடுங்க" என்று பக்கத்திலிருந்த தியாகி, தன் சோற்றிலிருந்தும் ஒரு கை அள்ளி அவர் தட்டில் வைத்தார்.