விருந்தாளித் தண்ணீர்

பெட்டியும் கையுமாகப் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட நீலவேணிக்கு, ஆளுக்கு இவ்வளவென்று அளந்து விடும் ஷவர், விருந்தாளிப் பங்கென்று மூன்று நாள் தண்ணீர் விட்டது. அவள் கழுத்தில் கன்றிப்போயிருந்த விரல்தடத்தை அம்மா பார்த்தாள், முந்தானையால் அதை மறைத்துவிட்டாள்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. அம்மா தலை நிறைய எண்ணெய் வைத்துவிட்டாள். நீலவேணி ஷவருக்கு அடியில் போய் நின்றாள். சொட்டுக்கூட விழவில்லை. அதிலிருந்து கனிவான ஒரு குரல்தான் வந்தது: "உங்கள் பங்குத் தண்ணீர் உங்கள் கணவர் வீட்டில் பத்திரமாக இருக்கிறது."

"அப்பா, உங்க பங்குல ஒரே ஒரு வாளி குடுங்கப்பா!" என்று உள்ளேயிருந்து கதவைத் தட்டினாள்.

"இன்னைக்கு ஒரு வாளி. நாளைக்கு?" என்றார் அப்பா. "விருந்தும் மருந்தும் மூணு நாள்தாம்மா. மாப்பிள்ளை கிளம்பிட்டாராம்."

எண்ணெய் கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. வெளியே, அம்மா பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.