நிழல் இருக்கு, ஆள் எங்கே?

"பொய்! பச்சைப் பொய்! இந்தப் படத்தையா காலண்டர்ல போடுறது?"

சுப்ரமணியன் போட்ட சத்தத்தில், அடுக்களையில் பாகற்காய் அரைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஆனந்தவல்லி மிக்ஸியை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள்.

"யார் படத்தைச் சொல்றீங்க?"

"தாபோடி ஏரியாவுல இருக்கிற தமிழரசி படம். நீ ஆஹா ஓஹோன்னு புகழ்ந்தியே, அதேதான்."

புனேத் தமிழர்கள் படம் எடுத்துப் போடும் ஆன்லைன் குழுவுக்குச் சுப்ரமணியன்தான் அட்மின். பேங்க்கில் ஆடிட் பார்த்துப் பழகிய கண். விதிகளையும் அவரேதான் எழுதினார். வெளிச்சத்தைக் கூட்டலாம், ஓரத்தை வெட்டலாம். ஏ.ஐ. வைத்து இல்லாததைச் சேர்க்கவும் கூடாது, இருந்ததை எடுக்கவும் கூடாது. சந்தேகம் வந்தால் அசல் படத்தைக் காட்ட வேண்டும். போன மாதம் பர்வதி மலைக்கு மேலே இல்லாத நிலாவை ஏற்றிவைத்த மாதவை, நிலாவோடு சேர்த்து வெளியே அனுப்பியவர்.

தமிழரசியின் படம் என்னவோ அழகுதான். மழை விட்டு வெயில் அடித்த நேரம். தேங்கிய தண்ணீரில் அவளுடைய சின்ன மகள் குதிக்கிறாள். தெறித்த தண்ணீர் அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. பின்னால், எட்டத்தில், ஏதோ ஒரு கடையின் பெஞ்சு. குழு அச்சடிக்கிற, தினம் தாள் கிழிக்கும் புது வருஷக் காலண்டரின் அட்டைக்கு இதுதான் என்று குழுவே கை தூக்கியாயிற்று. தமிழரசி ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

"இங்க பார். பெஞ்சுக்குக் கீழ என்ன தெரியுது?"

"நிழலு."

"மனுஷ நிழல். தொப்பையோட. பெஞ்சுல ஆள் இருக்கானா?"

ஆனந்தவல்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "அட, ஆமா! பெஞ்சு காலியால்ல இருக்கு?"

"போன்லயே விரலால ஒரு சுழி சுழிச்சா ஏ.ஐ. ஆளைத் தூக்கிடும். நிழலைத் தூக்க மறந்துட்டா!"

விஷயத்தைக் குழுவில் போட்டதுதான் தாமதம்.

'அரே சார், தொப்பையைப் பார்த்தா நல்லா சாப்பிடுற குடும்பம்தான்' என்று எழுதினான் ஜெயந்த்.

'ஆள் காணவில்லை. அடையாளம்: தொப்பை' என்று போட்டாள் ஸ்ரீரஞ்சனி.

சுப்ரமணியன் சிரிக்கவில்லை. தமிழரசிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, அந்தப் பெஞ்சுல இருந்த ஆள் எங்கம்மா?"

"அழிச்சுட்டேன் சார்" என்றாள்.

"ஏன்?"

"சார்... போனை ஸ்பீக்கர்ல வச்சிருக்கீங்களா?"

"ஆமா. என் வீட்டுல ஒளிவுமறைவே கிடையாது. சொல்லு."

"அப்ப வேணாம் சார்."

"சரி, அசலைக் குழுவில போடு."

"அதுவும் முடியாது சார். அட்டையிலருந்து படத்தை எடுத்துடுங்க. வேணும்னா என்னையும் எடுத்துடுங்க. பாப்பாகிட்ட நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

ஆனந்தவல்லிக்குத் தாங்கவில்லை. "விடுங்களேன், பாவம். எவனோ ஒருத்தன். அவன் இருந்தா என்ன, போனா என்ன?"

"இன்னிக்கு ஒரு ஆள் போவான், நாளைக்கு ஊரே போகும். மாதவுக்கு ஒரு நியாயம், இவளுக்கு ஒரு நியாயமா? தமிழரசி, அசல் வந்தாகணும். இல்லேன்னா மாதவ் போன வழிதான் உனக்கும்."

"உங்களுக்கு மட்டும்னா அனுப்பறேன் சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஆனந்தவல்லி பெருமூச்சோடு பாகற்காய்ச் சாறைக் கொண்டுவந்து நீட்டினாள். மாத்திரையைக் கூட்டியாயிற்று, ஓட்ஸ் கஞ்சிக்கு மாற்றியாயிற்று, தினம் காலையில் வாக்கிங்கும் அனுப்பியாயிற்று. மனிதருக்குச் சுகர் மட்டும் இறங்குகிற பாடாக இல்லை. கோயிலில் தமிழரசியைப் பார்த்தால்கூட இதே புலம்பல்தான். வீட்டில் சோதிக்கிற மெஷின்தான் கெட்டுப்போச்சோ என்று புது மெஷின்கூட வாங்கிவிட்டாள்.

"வை, அப்புறமாக் குடிக்கிறேன்" என்று டம்ளரைத் தள்ளிவைத்தார் சுப்ரமணியன்.

போன் 'டிங்' என்றது.

ஜட்ஜ் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து படத்தைத் திறந்தார். பார்த்தார். விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம் போனை மெல்ல மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"என்னங்க, ஆள் யாருன்னு தெரிஞ்சுதா?"

"ம்... தெரிஞ்ச ஆள்தான்."

"அப்ப அந்தப் பொண்ணை என்ன பண்ணப் போறீங்க?"

"இரு, எழுதறேன்."

கொஞ்ச நேரத்தில் குழுவில் புது விதி வந்தது: 'படத்தில் எதையாவது மாற்றினால் மாற்றியிருக்கிறேன் என்று அடியிலேயே சொல்லிவிடவும். ஏன் என்று அட்மின் கேட்க மாட்டார். தமிழரசியின் படம் அப்படியே காலண்டர் அட்டையில் வரும். மாதவ் நிலாவோடு திரும்பி வரலாம்.'

படித்துவிட்டு ஆனந்தவல்லி வாயைப் பிளந்தாள். யாரும் சொல்லாமலே பாகற்காய்ச் சாறை எடுத்து அவர் மடக் மடக்கென்று குடித்ததைப் பார்த்தபோதுதான் நிஜமாகவே பயந்துபோனாள்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இன்னொரு டம்ளர் இருக்கா?" என்றார் அவர்.

கவிழ்ந்திருந்த போனுக்குள், வாக்கிங்குக்கென்று ஆனந்தவல்லி வாங்கிக்கொடுத்த அதே நீல டி-ஷர்ட்டில், கையில் ஒரு ஜிலேபியும் வாயில் ஒரு ஜிலேபியுமாக, கண்ணை மூடிச் சொக்கிப்போய்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் சுப்ரமணியன். அடியில் தமிழரசி எழுதியிருந்தாள்:

'ஆனந்தவல்லி அக்கா கண்ணெதிர்லதான சார் காலண்டர் வருஷம் பூரா தொங்கும். அதான்.'