உரிமையாளர் குரல்

இருதயராஜின் பழைய பைக் அன்று காலை ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் காஜா பேட்டரியையும் பிளக்கையும் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

“வண்டியில கோளாறு இல்ல சார். இந்த மாடல், வருஷத்துக்கு ஒருவாட்டி வாங்குனவங்க குரலைக் கேட்டாத்தான் ஓடும். மீட்டர்ல பிரிசில்லான்னு பேர் காட்டுது.”

போன வருடம் அவன் மனைவியாக இருந்த பிரிசில்லா வண்டி பக்கத்தில் நின்று குரல் கொடுத்தாள். அதன் பிறகு விவாகரத்தாகிவிட்டது. இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

தயங்கித் தயங்கி அவளுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னான். ஸ்பீக்கரைப் போட்டு வண்டியருகே பிடித்தான்.

“நான் பிரிசில்லா. இந்த வண்டியை இருதயராஜ் ஓட்டலாம்,” என்றாள்.

மீட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. காஜா சாவியை நீட்டினார். இருதயராஜ் வாங்கவில்லை.

“சரியாயிடுச்சா?” என்று கேட்டாள்.

“இன்னும் இல்ல. இன்னொரு தடவை சொல்லேன்.”



“ஹெல்மெட் போட்டுத்தான ஓட்டுறீங்க?” என்று கேட்டாள்.