கரடிக்கு ஒரு வார்த்தை

"முப்பத்தோராவது வார்த்தையும் வேண்டாமா?" என்று கேட்டாள் குழுத் தலைவி. மேசையை ஓங்கித் தட்டத்தான் நினைத்தாள். காபி கொட்டிவிடுமே என்று விட்டுவிட்டாள்.

"வேண்டாம்மா," என்றார் அகராதி.

கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குத் தமிழ் வசனம் எழுதுவது அவர் வேலை. அகராதி என்பது அலுவலகம் வைத்த பெயர். அவர் இருக்கும்போது மரியாதையாகச் சொல்வார்கள். அவர் எழுந்து போனதும் அதையே வேறு ராகத்தில் சொல்வார்கள்.

விஷயம் இவ்வளவுதான். புது விளையாட்டில் ஒரு குட்டிப் பெண் மலைக்கு மலை தாவுவாள். கால் தவறி விழுந்தால், ஒரே ஒரு தடவை, கரடி ஒன்று வந்து அந்தரத்தில் தாங்கிக்கொள்ளும். அந்த வசதிக்குப் பெயர் வேண்டும். திரையில் வரும் பட்டனிலும் அதே பெயர், கரடி உறுமுவதும் அதே பெயர். குரல் பதிவு அறை பன்னிரண்டு மணி வரைதான் அவர்களுக்கு. இப்போது மணி பதினொன்றே முக்கால். நாளைக்கு விளையாட்டு வெளியாக வேண்டும்.

"பாதுகாப்பு?" என்றான் புரோகிராமர்.

"பூட்டுக்கடை போர்டு மாதிரி இருக்கு," என்றார் அகராதி.

"கேடயம்?"

"அது கரடிப்பா, தகரம் இல்லை," என்றாள் தலைவி.

"பக்கபலம்?"

"ஓட்டு கேட்டு வர்ற மாதிரி இருக்குடா," என்றார் அகராதி.

"பாசக்கரம்?"

"கரடிக்கு ஏதுடா பாசம்? ரோமம்தான்."

அப்போதுதான் தலைவிக்கு அது பளிச்சென்று வந்தது. "பிடிச்சுட்டேன்! அந்தப் பொண்ணு விழறா, கரடி தாவி வந்து, 'பிடிச்சுட்டேன்!'"

"மேடம்! இதான்! இதேதான்!" என்று புரோகிராமர் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான்.

அகராதியின் முகம் கஷாயம் குடித்த மாதிரி ஆனது. "கண்ணாமூச்சி ஆடற மாதிரி இருக்கும்மா. வேண்டாம்."

தலைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், அடுத்தவங்க சொன்னா உங்களுக்குத் தொண்டையில இறங்கவே இறங்காதா? ஒண்ணு, இதை ஒத்துக்குங்க. இல்லே, அடுத்த விளையாட்டுக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். சும்மா மிரட்டறேன்னு நினைக்காதீங்க."

அகராதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிதான்" என்று தலைவி ஒரு தாளில் 'பிடிச்சுட்டேன்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு பதிவு அறைக்கு நடந்தாள்.

அங்கே மைக் முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஆபீஸ் கார் டிரைவர். வாயே திறக்காத மனிதர். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். ஒருநாள் குறுக்கே வந்த மோட்டார் சைக்கிள்காரனை, "யோவ், ஓரமா ஓட்டுய்யா!" என்று ஒரே ஒரு அதட்டல் போட்டார். மரத்திலிருந்த இரண்டு காக்கைகள் மயங்கி விழுந்தன. அதில் ஒன்றுக்கு இன்னும் கரைய வரவில்லை என்று கேள்வி. பின் சீட்டிலிருந்த தலைவி அன்றைக்கே கரடியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் உரக்க..." என்று தாளை நீட்டினாள்.

தாள் அவர் கைக்குப் போகவில்லை. லிஃப்டுக்குக்கூட அவசரப்படாத அகராதி, மூச்சிரைக்க ஓடி வந்து அதைப் பறித்துக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"'நான் இருக்கேன்!' கரடி அதைச் சொல்லட்டும். விழற பொண்ணுக்கு வேற என்ன காதுல விழணும்?"

தலைவி திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் டிரைவர் உறுமிவிட்டார்.

"நான் இருக்கேன்!"

கண்ணாடிச் சுவர் அதிர்ந்தது. புரோகிராமர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றான்.

வார்த்தை நன்றாகத்தான் இருந்தது. தலைவிக்கு அதுதான் இன்னும் எரிச்சல். பிறத்தியார் எழுதிய எதையும் இந்த மனுஷன் விட்டுவைப்பதில்லையே! முடிவு செய்துவிட்டாள். கரடிக்கு அவளும் எழுதிக் கொடுத்திருந்த வசனக் கட்டு முழுக்க, அவர் அடித்துத் திருத்திய இடங்களையெல்லாம் குறித்து, இன்றைக்கே மேலதிகாரியிடம் காட்டிவிடுவது. கட்டையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

சிக்னலில் வண்டி நின்றது.

"அண்ணே, அசத்திட்டீங்க. ஆனாலும் எனக்கொரு ஆசை. நான் எழுதினதையும் ஒரே ஒரு தடவை சொல்லிக் காட்டுங்களேன். 'பிடிச்சுட்டேன்!'"

டிரைவர் ஆசையோடு திரும்பினார். உதடுகள் சேர்ந்தன. சேர்ந்தவை பிரியவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது.

"ப்... ப்... ப்..."

விளக்கு பச்சையானது. பின்னால் ஹாரன்கள் அலறின. அவர் தோற்றுப்போய்ச் சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

"அந்த எழுத்துல ஆரம்பிச்சா உதடு ஒட்டிக்கும் மேடம். சின்ன வயசுலேருந்து இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சா ஆளை மாத்திடுவீங்கன்னு, நான்தான் சொல்ல வேணாம்னு சார்கிட்ட கெஞ்சினேன்."

தலைவி வசனக் கட்டைப் பிரித்தாள். அவள் 'பழம்' என்று எழுதிய இடத்தில் அடித்துவிட்டு, 'தேன்'. 'பாலம்' இருந்த இடத்தில், 'மரக்கட்டை'. 'பயப்படாதே' இருந்த இடத்தில், 'தைரியமா வா'.

மூடி கழற்றிய பேனா கையிலேயே இருக்க, கடைசிப் பக்கம் வரை புரட்டினாள்.

கரடிக்கு மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். ஒரு சொல்கூட 'ப'வில் ஆரம்பிக்கவில்லை.