மருமகள் எழுதாத பெயர்

"மறுபடியும் தப்பு!"

பேராசிரியர் எசெங்குல் கட்டுரையைத் திருப்பித் தள்ளினார். தாள் முழுக்கச் சிவப்பு. மை தீர்ந்துபோனால் பீட்ரூட்டைப் பிழிந்து ஊற்றிக்கொள்வார் என்று பிஷ்கெக் நகரம் முழுக்கப் பேச்சு. கிளப்பிவிட்டது நான்தான். பக்கத்து மேஜைக்காரன் வேறு என்ன செய்வான்?

எதிரே நின்றவள் பெர்மெத். எங்கள் துறை ஆய்வாளர். அவருக்குச் சொந்த மருமகள். கட்டுரை சாயங்காலத்துக்குள் இதழுக்குப் போகாவிட்டால் இந்த வருஷம் அவளுக்கு டாக்டர் பட்டம் கிடையாது.

"என்ன தப்பு, மாமா?"

"முன்னுரையைப் படி."

"'குதிரைப்பால் கெடாமல் குமிஸாகப் புளிப்பதற்குத் தோல்பையில் ஏறிய புகையே காரணம் என்று மூத்த அறிஞர் ஒருவர் கூறியுள்ளார்...'"

"ஒருவர்னா? யாரு? இதென்ன சந்தையில கேட்ட வம்பா? இதுக்கு முன்னாடி யார் என்ன சொன்னாங்கன்னு முன்னுரையில பேரோட வரணும். அப்புறம்தான் நீ எப்படிச் சோதிச்சே, என்ன கண்டுபிடிச்சேங்கறது. கடைசியில மேற்கோள் பட்டியல்லயும் அந்தப் பேர் நிக்கணும்."

பெர்மெத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த 'ஒருவர்' இவரேதான். எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனார் பெயரை வாயில் எடுப்பாளா? இவர் அறைக் கதவில் பெயர்ப்பலகை இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு நடந்து, தூணில் முட்டிக்கொண்டவள் இவள். தூண்தான் விரிசல் விட்டது.

"கை வரலை, மாமா. அத்தை காதுல விழுந்தா..."

"உங்க அத்தை இந்த இதழைப் படிக்கிற அன்னிக்கு நான் ஆட்டுக்குப் பாடம் எடுக்கறேன்."

எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்யா எசெங்குல், உன் பேர் போட்ட புஸ்தகம் ஊர்ல கொஞ்சமாவா இருக்கு? இந்தப் பொண்ணோட கட்டுரையிலயும் அது மின்னணுமா? அவ பட்டம் போயிடும்யா!"

"நீ டீயைக் குடி. வாயைத் திறந்தா புளுகறவனுக்கு ஆய்வுக் கட்டுரையைப் பத்தி என்ன தெரியும்?"

அவரே பேனாவை எடுத்தார். 'ஒருவர்' மேல் கோடு போட்டுத் தன் பெயரை எழுதினார். பட்டியலில் எழுதினார். அதுவும் போதாமல், முதல் பக்கத்தின் உச்சியில் இருந்த ஆய்வுச் சுருக்கத்துக்குப் போனார்.

பெர்மெத் பதறிப்போனாள். "அங்க வேண்டாம், மாமா! கெஞ்சிக் கேக்கறேன்!"

"சுருக்கத்தை மட்டும்தாம்மா எல்லாரும் படிப்பாங்க. முக்கியமான விஷயத்தை ஒன்பதாம் பக்கத்துல ஒளிச்சு வெச்சா எவன் தேடுவான்?"

எழுதி முடித்துத் தாளை அவளிடம் நீட்டினார். அவள் அழுதுகொண்டே வாங்கினாள்.

பெருமைக்கும் ஒரு அளவு வேண்டாமா? கோபத்தோடு எட்டிப் பார்த்தேன்.

சுருக்கத்தின் முதல் வரி இப்படி இருந்தது: 'குமிஸ் பற்றிப் பேராசிரியர் எசெங்குல் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவருவது தவறு என்று இந்த ஆய்வு நிரூபிக்கிறது.'